வால்பாறையை நான் பார்க்க மாட்டேன்

மச்சான்,

இன்று காலை ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தேன். நம் காரைக்கால் பங்க்கில் விலை குறைவு என்பதால் எப்போதும்போல வெளியூர் வண்டிகளின் வரிசை. எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்களில் சில இளம்பிள்ளைகள். பின் சீட்டில் பைகளை ரப்பர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, மேலே மழைத்தாள் போர்த்தியிருந்தார்கள். வெயில் பட்ட புதுத் தாளின் வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. நாம் பை வாங்கிவந்து பிரித்த அன்று வீடு முழுக்க இந்த வாடைதான்.

அதில் ஒரு பெண்பிள்ளையிடம் கேட்டேன். "எங்கம்மா பயணம்?"

"வால்பாறை ஆன்ட்டி."

வாய் தன்னால் பேச ஆரம்பித்துவிட்டது. "பொள்ளாச்சியில ரொம்ப நேரம் நிக்காதீங்க. ஆழியார் செக்போஸ்ட்ட இருட்டுறதுக்குள்ள தாண்டிடணும், அப்புறம் பைக்க விடமாட்டாங்க. மேல வளைவுல வரையாடு நிக்கும். பாவமா பார்க்கும். தின்ன எதையும் போட்டுறாதீங்க."

அந்தப் பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தது. தலையில் முக்காடு, கையில் காய்கறிப் பை, வயதான ஸ்கூட்டி. "நிறைய தடவ போயிருக்கீங்களா ஆன்ட்டி?"

"போனதே இல்லம்மா."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தது. அவர்கள் கிளம்பிப் போனபின் பங்க் ஆள் கூப்பிட்டும் எனக்குக் காதில் விழவில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியைத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து மீனை ஆய்ந்துவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டாலும் உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை.

நமக்குக் கல்யாணம் ஆனபோது நீங்கள் ஏற்கெனவே வெளிநாட்டில் பிழைக்கிற சபராளி. கையில் மருதாணி நிறம் மாறுவதற்குள் சவூதிக்கு விமானம் ஏறிவிட்டீர்கள். ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் என்பதால் எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. நீங்கள் அங்கே தண்ணீர் லாரி ஓட்டினீர்கள். நான் இங்கே இர்ஃபானை வளர்த்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. வந்ததும் ஒரு கல்யாணம், ஒரு மவுத்து, ஒரு நிலத் தகராறு. நீங்கள் எனக்குப் பழகுவதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும்.

நமக்குள் பேச்சு தீர்ந்துபோன அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, உங்கள் அறையில் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் படுத்துக்கொண்டு வீடியோ காலில் கூப்பிட்டீர்கள். கரண்ட் போனது, மோட்டார் ரிப்பேர், இர்ஃபானுக்குக் காய்ச்சல் என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். பிறகு இருவரும் சும்மா ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எதாச்சும் சொல்லுடி," என்றீர்கள்.

"என்னத்த சொல்றது? நீங்க சொல்லுங்க."

"எனக்கு மட்டும் என்ன இருக்கு? மணலு. லாரி. மணலு."

பிறகு நீங்களே, "சரி, கண்ண மூடிக்க. நாம ரெண்டு பேரும் வண்டியில போறோம்," என்றீர்கள்.

"எங்க?"

"மலைக்கு. காட்டுக்குள்ள."

உங்களுக்கு அந்த ஆசையை ஊட்டியது மேல்தட்டுக் கட்டிலில் படுக்கிற வயநாட்டு பாபு. அவர் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் காடு. யானை வந்து பலாப்பழம் தின்றுவிட்டுப் போகும் கதைகளை அவர் சொல்லச் சொல்ல, பிறந்த ஊரில் கடலையும் பிழைக்கப் போன ஊரில் மணலையும் மட்டுமே பார்த்த உங்களுக்குத் தூக்கம் பிடிக்காமல் போயிருக்கிறது. "மரம் மூடுன மலைய நான் கண்ணால பார்த்ததில்லடி. பார்க்காம மவுத்தாயிட்டா அல்லா கேப்பான், உனக்குக் காலும் வண்டியும் குடுத்தேனே என்ன செஞ்சேன்னு," என்றீர்கள். அப்போது சிரித்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் நாம் ஒரு ஊர் போனோம். மேட்டுப்பாளையத்தில் ஏறி கோத்தகிரி, ஊட்டி, கூடலூர். அங்கிருந்து முதுமலை, பந்திப்பூர், முத்தங்கா. இறங்கி அமைதிப் பள்ளத்தாக்கு. பிறகு பரம்பிக்குளம், டாப்சிலிப், வால்பாறை. கடைசியில் மூணாறு ஏறி எரவிகுளம். நீங்கள் அங்கே போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள், நான் இங்கே இர்ஃபானின் பழைய கம்ப்யூட்டரில். ஊட்டியில் தங்குவதா கோத்தகிரியில் தங்குவதா என்று நாம் போட்ட சண்டையில் ஒரு வாரம் நான் உங்களோடு பேசவில்லை. காட்டுக்குள் நம் வண்டியை விடமாட்டார்கள், வெளியே நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில்தான் ஏறவேண்டும் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னபோது உங்கள் முகம் தொங்கிப்போனது. "அப்ப ஆனைய ஜன்னல் வழியாத்தான் பார்க்கணுமா?" என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டீர்கள்.

"ரோட்டுலயே ஆனை குறுக்க வந்துட்டா என்ன பண்றது மச்சான்?" என்று நான் கேட்டால், நீங்கள் வாயைத் திறப்பதற்குள் மேல்தட்டிலிருந்து பாபு குரல் கொடுப்பார். "சேச்சி, ஹாரன் அடிக்கக் கூடாது. தூரத்திலேயே நிக்கணும். அது அதோட வீட்டுக்குப் போகுது, நாமதான் வழியில நிக்கிறோம்."

ஆனால் மலைக்கும் உங்கள் கம்பெனிக்கும் ஒத்துவரவே இல்லை. கோடையில் லீவு கொடுத்தால் காட்டுத்தீ பயத்தில் காடு மூடியிருக்கும். ஆடியில் கொடுத்தால் அந்தப் பக்கம் மழை கொட்டும். ஐப்பசி கார்த்திகையில் கொடுத்தால் இங்கே புயல், வீட்டை விட்டு நகர முடியாது. வரையாடு குட்டி போடுகிற சமயம் எரவிகுளத்தை அடைத்துவிடுவார்கள். தை மாசம்தான் எல்லாக் கதவும் திறந்திருக்கும். அந்தத் தை மாசத்தில் உங்களுக்கு லீவு கிடைக்கவே இல்லை.

"விசா கேன்சல்ல ஒரேயடியா வந்துடுறேன். அப்புறம் எவன்கிட்ட லீவு கேக்கணும்?" என்று சொல்ல ஆரம்பித்தீர்கள்.

அப்படி வருவதற்கு முந்தைய லீவில்தான் அந்தப் பழைய புல்லட்டை வாங்கினீர்கள். மலை ஏறிப் பழக வேண்டும் என்று இடம் தேடினீர்கள். நம் ஊரில் மேடு எங்கே இருக்கிறது? "காரைக்கால்மேடுன்னு பேரு வெச்சிருக்கானுவ, போய்ப் பார்த்தா அலை வந்து காலத் தொடுது," என்று அலுத்துக்கொண்டு, கடைசியில் பாலத்துக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். பாலம் ஏறுகிற சரிவில் பாதியில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துப் பழகினீர்கள். பஸ்காரர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். நான் ஒருக்களித்து உட்கார்ந்தே பழகியவள். இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காரச் சொன்னபோது தெருவில் யாராவது பார்த்துவிடுவார்களே என்று கூசினேன்.

"வண்டி எந்தப் பக்கம் சாயுதோ நீயும் அந்தப் பக்கம் சாயி. பயந்துக்கிட்டு எதிர்ப்பக்கம் இழுத்தியன்னா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம்."

மறுநாள் பக்கத்து வீட்டு ராத்தா கேட்டே விட்டார்கள். "என்ன புள்ள, இந்த வயசுல மாப்பிள்ளையோட பாலத்துல சர்க்கஸ் காட்டுறியாமே?" எனக்குக் காது சூடானது. உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று அவர்களுக்குத் தெரியாது.

பிறகு நிஜமாகவே கேன்சலில் வந்துவிட்டீர்கள். மார்கழிக் குளிரில், அட்டைப்பெட்டிகளோடு, முடி நரைத்து. இனிப் போகமாட்டீர்கள் என்ற நினைப்பில் நான் உங்கள் சூட்கேஸைக் கழுவி, பழைய போர்வைகளை உள்ளே திணித்துப் பரணில் போட்டேன்.

வந்தபின் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை மச்சான். நமக்கு நேருக்கு நேர் பேசத் தெரியவில்லை. சாப்பாடு எடுத்துவைத்தால் தலைகுனிந்து சாப்பிடுவீர்கள். நான் உப்பு போதுமா என்று கேட்பேன். போதும் என்பீர்கள். ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் போலத் திரிந்தோம். முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனீர்கள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. உங்கள் பெயர்.

"என்ன பண்றே?"

"பாத்திரம் கழுவுறேன். நீங்க?"

"படுத்திருக்கேன். எங்க விட்டோம் போன வாரம்?"

"பந்திப்பூர் தாண்டி குண்டல்பேட்டை. அங்க சூரியகாந்திப் பூ இருக்கும்னீங்க."

"அது தை மாசத்துல இருக்காதுடி. வெறும் நிலந்தான் இருக்கும். பரவால்ல, இருக்குறதா வெச்சுக்குவோம்."

மாடிக்கும் அடுப்படிக்கும் இடையில் அன்று வெகுநேரம் பேசினோம். பேசி முடித்துப் படியிறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் ஈரக்கையோடு நின்றேன். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

கிளம்புகிற தேதி குறித்தோம். பைகள் வாங்கினோம். பொங்கல் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்தோம். அந்தக் காலை நீங்கள் வாசலில் வண்டியில் பையைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குளிர்காலத்தில் இவ்வளவு வேர்வையா என்று கேட்டேன்.

"கேஸ்தான். அங்கயும் இப்படித்தான் வரும். கொஞ்சம் சீரகத்தண்ணி போட்டுக் குடு."

தண்ணீர் கொதித்து வருவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும்? நான் டம்ளரோடு வந்தபோது புல்லட்டின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். கை இன்னும் கயிற்றைப் பிடித்திருந்தது. ஆட்டோவில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உள்ளே ஓடி ஓடி, "கேஸ்தான் டாக்டர், கேஸ்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. ஆட்டோக்காரர் பிறகு சொன்னார்.

உங்களுக்காக இத்தா இருந்து வீட்டைவிட்டு வெளியே போகாத நாட்களில் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தால் போனைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். அது அடிக்காது என்று தெரியும். அடிக்காமல் என் கண்முன்னால் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

இர்ஃபான் சென்னையிலிருந்து வாராவாரம் வந்தான். ஒருநாள், "வண்டிய வித்துடலாம்மா. வாசல்ல பார்க்கப் பார்க்க நீ அழுவுறே," என்றான்.

"உன் வாப்பாவோட வண்டிடா."

அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அழுகை வரலம்மா. வரணும்னு நினைக்கிறேன், வரல. எனக்கு அவரு போன்ல தெரியுற ஒரு முகம். லீவுக்கு வருவாரு, செருப்பு வாங்கித் தருவாரு, போயிடுவாரு. நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்க. நான் பக்கத்து ரூம்ல படிச்சிக்கிட்டு இருப்பேன்," என்றான். சத்தமில்லாமல்தான் சொன்னான். கோபமாகக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இத்தா முடிந்தபின் ஒருநாள் பாபு வந்தார். லீவில் வந்தவர், வயநாட்டிலிருந்து பஸ் மாறி மாறி நம் ஊருக்கு. கையில் ஒரு பலாப்பழம். இத்தனை வருஷமாக மேல்தட்டிலிருந்து வெறும் குரலாகக் கேட்ட மனுஷர் வாசலில் குள்ளமாக, வழுக்கைத் தலையோடு நின்றார். உள்ளே வரச் சொன்னேன். உட்கார்ந்ததும், அண்ணனைச் சொல்வதுபோல உங்களைக் காக்கா, காக்கா என்று சொல்லி அழுதார்.

"சேச்சி, காக்கா உங்ககிட்ட பேசி முடிச்சதும் போன வெச்சிட்டு எங்க ரூம்ல எல்லாருக்கும் மறுபடி சொல்லுவாரு. இன்னிக்கு எங்க போனோம்னு. ஒருத்தனும் தூங்க மாட்டான். அவரு கேன்சல்ல வந்தப்புறம் முதல் வெள்ளிக்கிழமை ரூமே சும்மா உக்காந்திருந்துச்சு."

பிறகு இர்ஃபான் பக்கம் திரும்பினார். "மோன் தானே முன்னாடி வண்டியில போறது?"

இர்ஃபானுக்குப் புரியவில்லை. "எந்த வண்டி?"

"காக்கா சொல்லுவாரே. முன்னாடி ஒரு வண்டியில எம்மவன் போவான். நான் அவளோட பின்னால வருவேன். ஒவ்வொரு வளைவுலயும் அவன் தலை தெரியுதான்னு பார்த்துக்கிட்டே ஓட்டுவேன். ஒரு வளைவுல தெரியலன்னாக்கூட எனக்கு உயிர் போயிடும்ன்னு."

என்னிடம் நீங்கள் இதைச் சொன்னதே இல்லை மச்சான். நம் பயணத்தில் நாம் இருவர்தான் என்று நினைத்திருந்தேன். நான் தனியாக உங்களோடு போக ஆசைப்பட்டேன் என்று தெரிந்து எனக்காக மறைத்தீர்களா? அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தீர்களா? இர்ஃபான் எழுந்து வாசலுக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை. நான் எட்டிப்பார்த்தபோது புல்லட்டின் சீட்டில் முகத்தைக் கவிழ்த்து நின்றிருந்தான். தோள் குலுங்கியது. நான் கிட்டப் போகவில்லை.

அவனேதான் சொன்னான், தை பிறந்ததும் போகலாம் என்று. புருஷன் போய் வருஷம் திரும்பியதும் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுகிறாள் என்று தெரு பேசியது. பக்கத்து வீட்டு ராத்தா மட்டும் வாசலுக்கு வந்து என் தலையில் கைவைத்து துஆ கேட்டு, "அவனுக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வா புள்ள," என்றார்கள்.

மேட்டுப்பாளையம் தாண்டி முதல் வளைவு வந்தபோது இர்ஃபான், "பயப்படாம உக்காரும்மா," என்றான். கொஞ்ச தூரம் போனதும், "நீ என்னம்மா, வண்டியோடயே சாயுறே? பின்னாடி ஆள் இருக்குறதே தெரியல. யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டான். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

முதுமலை தாண்டி ஒரு தாய் யானையும் குட்டியும் சாலையைக் கடந்தன. இர்ஃபான் தூரத்திலேயே நிறுத்திவிட்டான். குட்டி சாலை நடுவில் நின்று எதையோ முகர்ந்தது. தாய் அவசரப்படுத்தவில்லை. "வாப்பா பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் தானாக வந்து எத்தனை காலம் ஆகியிருந்தது! "அல்லாஹு அக்பர்ன்னு கத்தி ஆனைய விரட்டியிருப்பாரு," என்றேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

முத்தங்காவில் பாபு காத்திருந்தார். அவர் வீட்டில் கஞ்சி குடித்தோம். வேலிக்கு அந்தப்பக்கம் காடு இருட்டாக நின்றது. "நாளைக்குக் காலையில இறங்கினா அமைதிப் பள்ளத்தாக்கு," என்று இர்ஃபான் வரைபடத்தை விரித்தான்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. கோத்தகிரியை நீங்கள் எனக்கு எவ்வளவோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். நீங்களும் பார்க்காத ஊர். உங்கள் கோத்தகிரியில் ஒரு வளைவில் டீக்கடை இருந்தது, அதில் காதில் மஃப்ளர் சுற்றிய ஒரு கிழவர் இருந்தார், நீங்கள் எனக்கு பன் வாங்கிக் கொடுத்தீர்கள். நிஜக் கோத்தகிரியில் அப்படி ஒரு வளைவும் இல்லை, கிழவரும் இல்லை. நான் கண்ணை மூடி உங்கள் கோத்தகிரியைத் தேடினேன். வரவில்லை. முந்தாநாள் பார்த்த கடையும், முந்தாநாள் நின்ற லாரியும்தான் வந்தன. மஃப்ளர் கிழவர் போய்விட்டார். பன் நீட்டிய உங்கள் கையும் போய்விட்டது. ஊட்டியிலும் அப்படித்தான், பந்திப்பூரிலும் அப்படித்தான். கண் பார்த்த இடங்களிலெல்லாம் உங்கள் குரல் அழிந்துவிட்டிருந்தது.

"திரும்பிடலாம்டா," என்றேன்.

"ஏம்மா? பாதிகூட ஆகல."

"போதும்."

பாபு அவன் தோளைத் தொட்டார். அவன் வரைபடத்தை மடித்தான்.

இந்த வருஷம் புது டயர் மாட்டியிருக்கிறான். மீதியைப் போகலாமா என்று போனில் கேட்டான். நீ போயிட்டு வா, உன் வாப்பா உனக்கும் சேர்த்துத்தான் வழி போட்டாரு, ஆனா வந்து எங்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. சரிம்மா என்றான்.

பரம்பிக்குளத்துத் தண்ணீரில் நீங்கள் இன்னும் என்னைப் பரிசலில் ஏறச்சொல்லி வற்புறுத்திக்கொண்டிருக்கிறீர்கள். டாப்சிலிப்பில் தகரக் கூரையில் மழை விழுகிறது, நீங்கள் குறட்டை விடுகிறீர்கள். வால்பாறைத் தேயிலைக்குள் பனி இறங்கி, முன்னால் போகிற வண்டியில் ஒரு தலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறீர்கள். எரவிகுளத்துச் சரிவில் நான் மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கொஞ்சம் மேலே நின்று திரும்பிப் பார்த்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இதுக்குத்தான் தெனமும் கடற்கரையில நடன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன், கேட்டியா?" என்று திட்டுகிறீர்கள்.

திட்டுங்கள் மச்சான். நான் எழுந்திருக்கப் போவதில்லை.